விருந்தினர்க்கு விதி வகுக்கும் இல்லறம்

(தசலட்சணப் பெருவிழாவில், ஆர்ஜவ தருமத்துக்குரிய நாளன்று நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பத்துத் தருமங்களுள் மூன்றாவதாகிய ஆர்ஜவத்தைச் சிந்திக்கும் நாள் இன்று. மனத்தில் உள்ளதே சொல்லிலும், சொல்லில் உள்ளதே செயலிலும் நிற்பது ஆர்ஜவம். இவ்வுயர்ந்த தருமத்தைப் பற்றிப் பேச அழைத்தபோது, மிகச் சிறிய பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். நம் வீடுகளைச் சில நாள் வாடகைக்கு விடும்போது, அங்கு வந்து தங்குவோர்க்கு நாம் வகுக்கும் விதிகள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதே அது.

நம் ஊர்களின் நிலையை நீங்கள் அறிவீர்கள். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ்கின்றனர். முற்றமும் திண்ணையும் கொண்ட வீடுகள் விழா நாட்களில் மட்டுமே திறக்கப்படுகின்றன. மற்றொரு புறம், பொன்னூர்மலையில் குந்தகுந்தாசாரியரின் திருப்பாதங்களை வணங்கவும், திருமலையில் நேமிநாதரைத் தரிசிக்கவும், மேல்சித்தாமூர், திருநறுங்கொண்டை, திருப்பருத்திக்குன்றம் முதலிய தலங்களைக் காணவும் வெளி மாநிலங்களிலிருந்து யாத்திரிகர் வருகின்றனர். ஓவியமும் கல்வெட்டும் காண்போர் வருகின்றனர். திருவண்ணாமலைக்கும் புதுச்சேரிக்கும் வந்த அயல்நாட்டாரும் வழியில் ஓரிரவு தங்க இடம் தேடுகின்றனர். பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்துவிட்டால் ஓடு மாற்றும் செலவாவது கிடைக்குமே என்று நம்மவர் எண்ணுவது இயல்பு. அதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் அந்நியர் நம் அடுக்களைக்குள் நுழையும் நாளில் நம் ஒழுக்கம் என்னாகும் என்ற அச்சமும் உடன் எழுகிறது. அந்த அச்சத்திலிருந்தே விதிகள் பிறக்கின்றன.

அதிதி வேறு, வாடகைக்கு வருபவர் வேறு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். இல்லறத்தார்க்குரிய நான்கு சிட்சாவிரதங்களுள் ஒன்று அதிதி சம்விபாகம். திதி குறித்து வாராதவர் அதிதி. முனிவரும் விரதியரும் அத்தகையோர். அவர்க்கு அளிப்பது தானம். அதற்கு விலை இல்லை. வாடகைக்கு வருபவரோ தேதி குறித்து, முன்பணம் செலுத்தி வருகிறார். அவரோடு நாம் செய்வது வாணிகம். ‘விருந்தினர்’ என்று அன்போடு அழைக்கலாம். ஆயினும் அவர்க்கு அறை கொடுப்பதைத் தானமாக எண்ணி, கொடுப்பவர் சொற்படியே கொள்பவர் நடக்க வேண்டும் என்று கருதுவது பிழை. வாணிகத்துக்கு உரிய அறம் வாய்மையும் கள்ளாமையும். நம் விதிகளை அவ்விரு விரதங்களின் முன் நிறுத்தியே சோதிக்க வேண்டும்.

இதை நான் நூலிலிருந்து மட்டும் கற்கவில்லை. தவறு செய்து கற்றேன். அதைச் சொல்லாமல் ஆர்ஜவத்தைப் பற்றிப் பேசுவது முறையாகாது.

என் பாட்டனார் கட்டிய வீட்டைச் சில ஆண்டுகளுக்கு முன் யாத்திரிகர்க்கு விடத் தொடங்கினேன். 22 விதிகளை அச்சிட்டு, சட்டமிட்டு, கூடத்துச் சுவரில் மாட்டினேன். சூரியன் மறைந்தபின் அடுக்களை பூட்டப்படும் என்பது அவற்றுள் ஒன்று. ஒருநாள் வெளி மாநிலக் குடும்பம் ஒன்று, பேருந்து தாமதித்ததால், இரவு எட்டு மணிக்கு வந்து சேர்ந்தது. மூன்று வயதுக் குழந்தை பசியால் அழுதது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார் சென்னையிலிருந்த என்னைத் தொலைபேசியில் அழைத்து, “பால் காய்ச்ச அடுக்களையைத் திறக்கலாமா ஐயா?” என்று கேட்டார். “விதி சுவரிலேயே இருக்கிறதே அம்மா” என்றேன். அந்த வேளையில் ஊரில் கடை ஏதும் திறந்திருக்கவில்லை. குழந்தை வாழைப்பழம் ஒன்றைத் தின்றுவிட்டு அழுதபடியே உறங்கிற்றாம். மறுநாள் விடியற்காலையில், இரண்டாம் நாளுக்குரிய தங்கலைக் கைவிட்டு அவர்கள் புறப்பட்டனர். போகுமுன் அறையைப் பெருக்கி, போர்வைகளை மடித்து வைத்திருந்தனர். ‘முன்கூட்டியே கிளம்பினால் பணம் திரும்பாது’ என்பதும் என் விதிகளுள் ஒன்று. எனவே முன்பணத்தை நான் திருப்பித் தரவில்லை.

சில வாரங்கள் கழித்து, சுவாத்தியாய வகுப்பில் உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரம் பாடமாயிற்று. ஒவ்வொரு விரதத்துக்கும் ஐந்து அதிசாரங்கள், அதாவது விரதம் முற்றும் உடையாமல் அதில் கறை ஏற்படுத்தும் வழுக்கள், அங்குக் கூறப்படுகின்றன. அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று அன்னபான நிரோதம்: உணவையும் நீரையும் தடுத்தல். வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று நியாசாபகாரம்: நம்மிடம் ஒருவர் ஒப்படைத்த பொருளை முறையின்றி நாமே வைத்துக்கொள்ளுதல். பாடம் நடந்துகொண்டிருக்கையில் என்னால் தலைநிமிர முடியவில்லை. அகிம்சையைக் காக்கவென்று நான் எழுதிய விதியாலேயே ஒரு குழந்தையைப் பட்டினியிட்டேன்.

அன்று மாலையே அந்தத் தந்தையை அழைத்து மன்னிப்புக் கேட்டு, பணத்தை அனுப்பினேன். அவர் சினம் கொள்ளவில்லை. “நாங்களும் புலால் உண்ணாதவர்களே. உங்கள் வழக்கத்தில் எங்களுக்குக் குறை இல்லை. முன்னாலேயே சொல்லியிருந்தால் வழியிலேயே குழந்தைக்கு ஏதேனும் வாங்கி வந்திருப்போம்” என்றார். நான் இன்று சொல்லவந்த கருத்து முழுவதும் அவர் சொன்ன அந்தச் சொற்களில் அடங்கும். என் விதியில் பிழை சிறிதே. பணம் வாங்குமுன் சொல்லாமல், வந்தபின் சுவரைக் காட்டினேனே, அதுதான் பெரும்பிழை. மனத்தில் இருந்தது சொல்லில் வரவில்லை. அது ஆர்ஜவத்துக்கு மாறு.

விதிக்கு நான்கு சோதனைகள்

அந்நிகழ்ச்சிக்குப் பின் என் 22 விதிகளையும் கீழே இறக்கி, ஒவ்வொன்றையும் நான்கு கேள்விகளால் சோதித்தேன்.

முதற்கேள்வி: இதைப் பணம் பெறுமுன் அவர் அறிந்தாரா? அறியாத விதிக்கு அவர் உடன்பட்டார் என்று சொல்ல இயலாது. ஏர்பிஎன்பி போன்ற இணையத் தளங்களில் வீட்டு விதிகளை அறிவிப்பிலேயே சேர்க்க இடம் உண்டு. நேரில் பேசி விடுவோர், விதிகளை எழுத்தில் அனுப்பி, ‘படித்தேன், இசைகிறேன்’ என்ற மறுமொழி வந்த பின்னரே முன்பணம் பெறலாம். சுவரில் மாட்டுவது நினைவூட்டுவதற்கு மட்டுமே.

இரண்டாம் கேள்வி: இதற்குக் காரணம் சொல்ல முடியுமா? ‘மது, புலால் கூடாது’ என்று மட்டும் எழுதினால் அது அதிகாரமாகத் தோன்றும். ‘முனிவர் எழுந்தருளும் காலங்களில் இவ்வடுக்களையில்தான் ஆகாரம் சமைக்கப்படுகிறது; ஆதலால் புலாலும் முட்டையும் மதுவும் இவ்வீட்டுக்குள் கொண்டுவர வேண்டா’ என்று எழுதினால் படிப்பவர் நம் உள்ளத்தைப் புரிந்துகொள்வார். காரணம் சொல்ல நாம் தடுமாறும் விதி பெரும்பாலும் வேண்டாத விதியே. என் பட்டியலில் ‘இரவு ஒன்பதுக்கு மேல் பேசக்கூடாது’ என்று ஒரு விதி இருந்தது. ஏன் எழுதினேன் என்று எனக்கே விளங்கவில்லை, நீக்கிவிட்டேன்.

மூன்றாம் கேள்வி: தடுத்ததற்கு மாற்று வழி தந்தோமா? இரவு உண்ணாமை நாம் ஏற்ற விரதம். விருந்தினர் அதை ஏற்கவில்லை. நம் விரதத்தை நாம் காக்கலாம். அவர் வயிற்றின்மேல் சுமத்தலாகாது. இன்று என் வீட்டில் சூரியன் மறையுமுன் இரவுணவு பரிமாறப்படும். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று முன்னாளே கேட்கிறோம். தாமதித்து வருவோர்க்கென வடிகட்டிக் காய்ச்சிய நீரும், குடுவையில் சூடான பாலும், பழமும், அவலும் மாலையிலேயே அறையில் வைக்கப்படுகின்றன. நாம் மாலைக்குப் பின் அடுப்பு மூட்டுவதில்லை, அவர்களும் பசித்திருப்பதில்லை. கிழங்கு வகைகளை நாம் சமைப்பதில்லை என்று முன்பே சொல்கிறோம். வெளியில் உண்டு வருவோரை என்ன உண்டீர்கள் என்று கேட்பதில்லை.

நான்காம் கேள்வி: இது நம்மையும் கட்டுகிறதா? விருந்தினர் பதினொரு மணிக்கு அறையை விட வேண்டும் என்றால், அடுத்தவர்க்குச் சொன்ன நேரத்தில் தூய அறையைத் தருவதும் நம் கடமை. அவர் பொருளை உடைத்தால் ஈடு தர வேண்டும் என்றால், நாம் சொன்ன வெந்நீர் வராத நாளில் வாடகையைக் குறைப்பதும் நம் கடமை. இல்லாத வசதியை இருப்பதாக எழுதுவது கூடலேகம், பொய்யாவணம். படத்தில் ஓர் அறையைக் காட்டி வேறோர் அறையைக் கொடுப்பது, நல்ல பொருளோடு போலியைக் கலந்து விற்கும் பிரதிரூபக வியவகாரத்தைச் சேர்ந்தது. இவையும் அதே ஏழாம் அதிகாரத்தில் வாய்மைக்கும் கள்ளாமைக்கும் கூறப்பட்ட அதிசாரங்களே.

செயலைக் கேட்போம், பிறப்பைக் கேளோம்

இனி, சற்றுக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘சைவ உணவினர்க்கு மட்டும்’ என்ற சொற்களைக் கொண்டு, இன்ன சாதியார் வேண்டா, இன்ன சமயத்தார் வேண்டா என்று மறைவாகச் சொல்லும் வழக்கம் நாட்டில் உண்டு. நம்மிடையே அது நுழையலாகாது. நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகள், உணவகங்கள், விடுதிகள் முதலியவற்றில் நுழைவதற்குச் சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டி எந்தக் குடிமகனையும் தடுக்கலாகாது என்கிறது. சட்டம் அவ்வாறிருக்க, எல்லா உயிரும் சமம் என்று நாள்தோறும் ஓதும் நாம் இதில் பின்தங்கலாமா?

விதி இவ்வீட்டுக்குள் நிகழும் செயலைப் பற்றியதாக இருக்கட்டும். ‘இங்குப் புலால் சமைக்க வேண்டா’ என்பது விதி. ‘நீங்கள் உங்கள் வீட்டில் புலால் உண்பவரா?’ என்பது விசாரணை. முன்னதற்கு நமக்கு உரிமை உண்டு, பின்னதற்கு இல்லை. அவ்வாறே பெண்டிரின் உடல்நிலையைப் பற்றியோ, உடன் வந்தவர் என்ன உறவு என்பது பற்றியோ துருவிக் கேட்பதும் நம் வேலையன்று. சட்டம் கேட்கும் அடையாளச் சான்றைப் பார்த்துப் பதிவு செய்வதோடு நம் கேள்விகள் நிற்க வேண்டும்.

மறைவைக் குறித்து மற்றொரு சொல். வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் இரகோப்யாக்கியானம் என்பது ஒன்று: பிறர் மறைவில் செய்வதை வெளிப்படுத்துதல். வீட்டுக்குள் கண்காணிப்புக் கருவி பொருத்த எண்ணுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஏர்பிஎன்பி நிறுவனமே 2024 ஏப்ரல் இறுதி முதல் வீட்டின் உட்புறத்தில் கேமராக்களை அறவே தடை செய்துள்ளது. வாயிற்புறத்தில் கேமரா இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தங்கிச் சென்றவரைப் பற்றி ஊரில் கதை பேசுவதும் இவ்வழுவில் அடங்கும்.

அரசின் நெறி

கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் விருத்தராச்சியாதிக்கிரமம் ஒன்று. அரசின் நெறியை மீறிப் பொருள் ஈட்டுதல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அயல்நாட்டார் நம் வீட்டில் தங்கினால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலர்க்குத் தெரிவிக்க வேண்டும். இதை இணையத்திலேயே செய்யலாம். இந்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் இல்லத் தங்கல் திட்டம், உரிமையாளர் குடும்பத்தோடு வாழும் வீட்டில் 1 முதல் 6 அறைகள், அதிகபட்சம் 12 படுக்கைகள் என்ற அளவில் வகுக்கப்பட்டது. வீட்டில் குடியிராமல் வெளியூரிலிருந்து விடுவோர், தம் ஊராட்சியிலும் மாவட்டச் சுற்றுலா அலுவலகத்திலும் தமக்கு எது பொருந்தும் என்று கேட்டுத் தெளிவது நன்று. வாடகை வருமானத்தைக் கணக்கில் காட்ட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஓசையைப் பற்றிய விதிக்கும் சட்டத்தின் துணை உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையை இரவு நேரமாகக் கொண்டு, குடியிருப்புப் பகுதிகளில் அப்போது 45 டெசிபலை எல்லையாக வகுத்துள்ளன. நம் தெருவில் முதியோர் பலர். விடியற்காலையில் அபிடேகத்துக்கு எழுவோர் பலர். ஆகவே பத்து மணிக்கு மேல் பாட்டும் கூச்சலும் வேண்டா என்பது காரணமுள்ள விதி. அண்டை வீட்டார் நம்மிடம் வாடகை பெறுவதில்லை; தொல்லையை மட்டும் அவர்கள் ஏன் பெற வேண்டும்?

விதி மீறப்பட்டால்

எவ்வளவு தெளிவாக எழுதினும் மீறுவோர் இருப்பர். அப்போது நாம் எப்படி நடக்கிறோம் என்பதே நம் விதி நியாயமானதா என்பதைக் காட்டும். முதலில் தனியே, மெல்லிய குரலில் நினைவூட்டுவோம். பெரும்பாலும் அதுவே போதும். மீண்டும் நிகழ்ந்தால், எழுத்தில் தெரிவிப்போம். மதுக்குடியோ சண்டையோ பிறர்க்கு இன்னலோ தொடர்ந்தால் மட்டும், மீதி நாட்களுக்குரிய பணத்தைத் திருப்பித் தந்து அனுப்பிவிடுவோம். உடைந்த பொருளுக்கு அதன் உண்மை விலையை மட்டும் பெறுவோம். சீட்டைக் காட்டிப் பெறுவோம். நூறு ரூபாய்க் குவளைக்கு ஆயிரம் ரூபாய் பிடிப்பது தண்டனையன்று, களவு. மீதமுள்ள வைப்புத்தொகையை அவர் கேட்குமுன்பே திருப்பித் தருவோம்.

ஒருமுறை ஒரு விருந்தினர், அறியாமல், முட்டை கலந்த பண்டம் ஒன்றைக் கொண்டுவந்து உண்டார். பார்த்துக்கொள்ளும் அம்மையார் பதறினார். நான் அவரிடம், “அவர் தெரிந்து செய்யவில்லை, நம் எழுத்தில் பண்டங்களைப் பற்றிச் சொல்லவில்லை. அறையைத் தூய்மை செய்துவிடுங்கள், விதியைத் திருத்திவிடுவோம்” என்றேன். அந்த விருந்தினர்க்குச் செய்தி தெரிந்தபோது அவரே வருந்தினார். மறு ஆண்டு தம் பெற்றோரோடு மீண்டும் வந்தார். இப்பெருவிழாவின் முதல் நாளுக்குரிய உத்தம க்ஷமையை அவர் வழியாகவே நான் கொஞ்சம் பயின்றேன் எனலாம்.

எட்டு விதிகள்

22 விதிகள் இன்று எட்டாகக் குறைந்துவிட்டன. பயன்படுமானால் நீங்களும் எடுத்தாளலாம்.

1. முனிவர்க்கு ஆகாரம் சமைக்கும் வீடு இது. புலால், முட்டை, அவை கலந்த பண்டங்கள், மது, புகை ஆகியவற்றை உள்ளே கொண்டுவராதிருக்க வேண்டுகிறோம்.
2. இரவுணவு சூரியன் மறையுமுன் பரிமாறப்படும். தாமதித்து வருவீர்களாயின் சொல்லுங்கள். பாலும் பழமும் சிற்றுணவும் அறையில் இருக்கும்.
3. பூசை அறைக்குள் நீராடிய பின், காலணியின்றி வரலாம். தோற்பொருள்களை வெளியே வையுங்கள்.
4. பதிவு செய்தவர் மட்டுமே இரவு தங்கலாம். பகலில் உறவினர் வந்து செல்லத் தடையில்லை.
5. இரவு 10 மணிக்கு மேல் முதியோர் உறங்குகின்றனர், ஓசையைத் தாழ்த்துங்கள்.
6. பூச்சிகளைக் கொல்ல வேண்டா. கொசுவலை கட்டியுள்ளோம். தேள், பாம்பு கண்டால் எங்களை உடனே அழையுங்கள், எந்நேரமும் வருவோம்.
7. வரும் நேரம் பகல் 1 மணி, புறப்படும் நேரம் காலை 11 மணி. மாற்றம் வேண்டின் முன்னாள் கேளுங்கள்; இயன்றவரை உதவுவோம்.
8. சேதத்துக்கு உண்மை விலை மட்டும் பெறப்படும். நாங்கள் சொன்ன வசதி இல்லையெனில் வாடகையில் குறைப்போம்.

ஆறாம் விதியில் ‘எந்நேரமும் வருவோம்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். கொல்லாதே என்று சொல்லிவிட்டுத் தேளோடு விருந்தினரைத் தனியே விட்டுவிட்டால் அவ்விதியை எவரும் மதியார். அருகில் ஒருவர் விழித்திருப்பதற்கு ஏற்பாடு செய்த பின்னரே அதை எழுதினேன்.

அன்பர்களே, நம் சமயத்தைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவர், நம் வீட்டில் ஓரிரவு தங்குவதால் மட்டுமே அதை அறியக்கூடும். அவர் எந்த நூலையும் படிக்கப் போவதில்லை. கதவில் ஒட்டிய எட்டு வரிகளும், அவற்றைச் சொல்லும் நம் குரலும்தான் அவர் காணும் ஜினதருமம். அன்று பசியோடு உறங்கிய அக்குழந்தை இப்போது பள்ளி செல்லும் வயதை எட்டியிருக்கும். அதன் நினைவில் நம் ஊர் எவ்வாறு பதிந்திருக்கிறதோ அறியேன். இனி வரும் குழந்தைகளுக்கு அவ்வாறு நேராமல் காப்பது நம் கையில் உள்ளது.

வீட்டைத் திறக்குமுன் மனத்தைத் திறந்து சொல்லிவிடுவோம். சொன்னபடியே நடப்போம். இன்று என் சொல்லில் எவர் மனமேனும் புண்பட்டிருந்தால் மன்னிக்க வேண்டி அமைகிறேன்.

வாழ்க ஜினதருமம்.